காஞ்சனபுரியும் தண்ணீருக்குள் போன ரயில் பாதையும்

தாய்லாந்தின் தலைநகரான பாங்கொக்கிலிருந்து மேற்கே சுமார் 130 கி.மீ. போனால் காஞ்சனபுரி என்றொரு பட்டினம் வரும். காஞ்சனம் என்றால் பொன், புரி என்றால் ஊர். பெயரைக் கேட்டால் எங்கட பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் போலத்தான் இருக்கிறது. தாய்லாந்துக்காரர் வருடப்பிறப்புக் கொண்டாடுவதும் எங்களைப் போலச் சித்திரையில்தான். ஏப்ரல் 13 தொடக்கம் 15 வரை ‘சொங்கிரான்’ என்று சொல்லி ஆளுக்காள் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள். சங்கிராந்தி என்ற சொல்தான் அவர்களின் வாயில் சொங்கிரான் ஆகிவிட்டது. கடந்த சித்திரையில், பாங்கொக்கில் அகதி வழக்கு முடியாமல் நிற்கும் மனைவியின் தம்பியைப் பார்க்கக் குடும்பமாகப் போயிருந்தோம். அப்போது மூன்று நாள் எடுத்து இந்தப் பட்டினத்தையும், அதற்கு மேலே மலைக்குள் இருக்கும் பெரிய நீர்த்தேக்கத்தையும் பார்த்து வந்தோம். போக முதலும் வந்த பிறகும் தேடி வாசித்தவற்றையும் சேர்த்தே இதை எழுதுகிறேன். தமிழர் இவ்வளவு பேர் செத்த ஓர் இடத்தைப் பற்றி எங்கட சனத்துக்குப் பெரிதாகத் தெரியாது என்பதே இதை எழுதக் காரணம்.

காஞ்சனபுரிக்கு வெள்ளைக்காரர் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகினம். அவர்கள் பார்க்க வருவது ஒரு பாலத்தை. 1957 இல் வெளிவந்து 7 ஒஸ்கார் பரிசு வாங்கிய ‘தி பிரிட்ஜ் ஒன் தி ரிவர் குவாய்’ என்ற படம்தான் அந்தப் பாலத்தை உலகத்துக்குக் காட்டியது. ஆனால் படத்தில் இருக்கும் ஆறு தாய்லாந்தில் இல்லை. அது எங்கட நாட்டுக் களனி கங்கை. கித்துள்கலவில் மரத்தால் பாலம் கட்டி, ரயிலையும் ஓடவிட்டு, வெடி வைத்துத் தகர்த்துப் படம் எடுத்தார்கள். காஞ்சனபுரியில் நிற்கும் உண்மையான பாலத்தின் கீழே ஓடிய ஆற்றுக்கு அந்த நேரம் மேக்லொங் என்றுதான் பெயர். படம் பார்த்துவிட்டு வந்த ஆக்கள் ‘குவாய் ஆறு எங்கே?’ என்று கேட்டபடியால், 1960 அளவில் ஆற்றின் அந்தப் பகுதிக்கு ‘குவே யாய்’, அதாவது பெரிய குவே, என்று பெயரையே மாற்றிவிட்டார்கள். சினிமாவுக்காக ஆறு பெயர் மாறினது வேறு எங்கேயும் நடந்ததோ தெரியாது.

அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவில் நிற்பது சீக்காய் அடிக்கும் ஆங்கிலேயச் சிப்பாய்கள்தான். பாதை போட்டது முழுக்க அவர்களே என்று நினைக்க வைக்கிற படம் அது. வேலை செய்தவர்களில் நாலில் மூன்று பங்கு ஆசியத் தொழிலாளர். அதில் ஒரு பெரும் பகுதி மலாயாத் தோட்டத்துத் தமிழர். படத்தில் அவர்களின் கதை இல்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் யப்பானியரிடம் விழுந்தது. அதைத் தொடர்ந்து பர்மாவும் அவர்களின் கைக்குப் போனது. பர்மாவில் இருக்கும் படைக்குச் சாப்பாடும் வெடிமருந்தும் அனுப்புவதற்கு மலாக்கா நீரிணையைச் சுற்றிக் கப்பலில் போக வேணும். அங்கே நேச நாட்டு நீர்மூழ்கிகளின் பயம். ஆகவே தரை வழியாக ஒரு ரயில் பாதை தேவைப்பட்டது. தாய்லாந்தின் பான் பொங்குக்குப் பக்கத்திலுள்ள நொங் பிளாடுக்கில் தொடங்கி, காஞ்சனபுரியால் போய், குவே நொய் என்ற சின்ன ஆற்றின் கரையோடு மலை ஏறி, மூன்று பகோடாக் கணவாயைக் கடந்து, பர்மாவின் தன்பியூசயாத்தில் முடிகிற பாதை. நீளம் 415 கி.மீ. மலையும் காடும் மலேரியாவும் நிறைந்த இடம். ஆங்கிலேயர் முன்னமே யோசித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்ட பாதை அது. யப்பானியர் 1942 நடுப்பகுதியில் தொடங்கி, 1943 ஒக்டோபர் 17 இல் கொன்கொய்தா என்ற இடத்தில் இரண்டு பக்கத்துத் தண்டவாளங்களையும் கொண்டுவந்து பொருத்தினார்கள். மெசின் எதுவும் பெரிதாக இல்லை. மண்வெட்டி, கூடை, சுத்தியல், உளி, யானை, மனிதன். அவ்வளவுதான்.

முதலில் 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட போர்க் கைதிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். ஆங்கிலேயர், ஒல்லாந்தர், அவுஸ்திரேலியர், கொஞ்சம் அமெரிக்கர். 1943 இல் வேலையை அவசரப்படுத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. அந்த ஆட்கள் போதாமல் போய்விட்டது. அப்போதுதான் பர்மா, மலாயா, யாவா முதலிய இடங்களிலிருந்து தொழிலாளரைத் திரட்டினார்கள். ஆசியத் தொழிலாளரின் மொத்தத் தொகை 2 இலட்சம் அளவில் என்று சொல்லப்படுகிறது. மலாயாவிலிருந்து மாத்திரம் ஏறத்தாழ 75 ஆயிரம் பேர். அவர்களில் பெரும்பாலானோர் றப்பர் தோட்டத்துத் தமிழர்.

அவர்களை எப்படிக் கொண்டுபோனார்கள் என்பது விளங்க வேண்டுமானால் தோட்டங்களின் அப்போதைய நிலைமை தெரிய வேணும். வெள்ளைக்காரத் துரைமார் ஓடிவிட்டார்கள், அல்லது சிறைக்குள் இருந்தார்கள். றப்பர் வாங்க ஆள் இல்லை. பால் வெட்டு நின்றுபோனது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி நின்றுவிட்டது. மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. உடுக்கச் சீலை இல்லை. இந்த நேரத்தில் யப்பானியன் வந்து, ‘சயாமில் வேலை இருக்கிறது, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், அரிசிச் சோறு, மூன்று மாதத்தில் திரும்பி வரலாம், குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகலாம்’ என்றால் யார் போகமாட்டார்கள்? முதல் தொகுதி ஆக்கள் தாங்களாகவே போனார்கள். மூன்று மாதம் முடிந்தது. ஒருவரும் திரும்பவில்லை. அதன் பிறகு ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று தோட்டத்துச் சனத்தைக் கொட்டகைக்குக் கூப்பிட்டு, கதவைப் பூட்டி, அப்படியே லொறியில் ஏற்றிக்கொண்டு போன கதைகளை, தப்பி வந்தவர்கள் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்கள். கள்ளுக்கடையிலும் தெருவிலும் பிடித்தார்கள். வேட்டி கட்டினபடி, வீட்டுக்குச் சொல்லாமல் போனவர்கள் எத்தனையோ பேர்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்தார் சம்பந்தப்பட்ட ஒரு விசயத்தையும் சொல்லத்தான் வேணும். மலாயா என்றால் எங்கட ஊர்களில் ‘மலாயாப் பென்சனியர்’ வீடுகள்தான் நினைவுக்கு வரும். பெரிய முகப்பு, கல் விறாந்தை, சுவரில் கோட்டுப் போட்ட தாத்தாவின் படம். என் அம்மம்மாவின் தகப்பனும் அங்கே ரயில்வேயில் கிளாக்கராக இருந்தவர். எங்கட ஆக்கள் மலாயாவுக்குப் போனது இங்கிலிசுப் படிப்போடு, மேசை வேலைக்கு. தோட்டத்துக்குப் போனவர்கள் தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து கங்காணிமார் மூலம் கப்பல் ஏறிய ஏழைச் சனம். தோட்டத்துக்கு இத்தனை ஆள் வேணும் என்று யப்பானியர் கேட்டபோது, பெயர் எழுதிக் கொடுக்கும் வேலை கிராணிமாரிடமும் கங்காணிமாரிடமும் விழுந்தது. கிராணிமாரில் மலையாளிகளும் இருந்தார்கள், யாழ்ப்பாணத்தாரும் இருந்தார்கள். கொடுக்காவிட்டால் அவனுக்கே அடி, உதை. அதுவும் உண்மை. ஆனால் பட்டியல் என்று வரும்போது யாருடைய பெயர் முதலில் போகும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. ‘சயாமுக்குப் பிடிச்சுக்கொண்டு போச்சினம்’ என்று அம்மம்மா ஒரு வசனத்தில் சொல்லி முடித்துவிடுவா. அதற்கு மேலே அவவின் தகப்பனும் அவவுக்குச் சொன்னதில்லையாம். மலைநாட்டுத் தமிழரை 1948 இல் நாடற்றவர் ஆக்கினபோது எங்கட தலைவர்களில் ஒரு பகுதியினர் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதையும் இதோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இளம் பெடியள் சிலர் இதிலிருந்து தப்புவதற்கு ஒரு வழி இருந்தது. 1943 யூலையில் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய இராணுவத்துக்கு ஆள் சேர்த்தார். தோட்டத்துத் தமிழர் ஆயிரக் கணக்கில் சேர்ந்தார்கள். விடுதலை உணர்ச்சியோடு போனவர்கள் பலர். சயாமுக்குப் போவதை விட இது நல்லது என்று போனவர்களும் இருந்தார்கள். இரண்டும் கலந்த மனதோடு போனவர்களும் இருந்திருப்பார்கள்தானே.

சயாமுக்குப் போனவர்களை அடைத்த சரக்குப் பெட்டிகளில் நாலைந்து நாள் கொண்டுபோனார்கள். இரும்புப் பெட்டி, பகலில் கொதிக்கும், இருக்க இடம் காணாது. பான் பொங்கில் இறக்கி, அங்கிருந்து காட்டு வழியே நடை. மழை தொடங்கினால் முழங்கால் மட்டும் சேறு. தங்குவதற்கு மூங்கிலில் கட்டி ஓலை போட்ட கொட்டில், பல இடங்களில் அந்த ஓலையும் இல்லை. சோறும் கருவாடும், சில வேளை காய்ந்த மரக்கறியும்.

போர்க் கைதிகளுக்கும் இதே காடு, இதே மழை, இதே அடி. ஆனால் அவர்கள் ஒரு இராணுவம். அவர்களோடு டொக்டர்மார் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேணும், கக்கூசு இத்தனை அடி தள்ளி வெட்ட வேணும் என்று உத்தரவு போட அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத்துச் சனத்துக்கு யார் இருந்தது? பெண்கள், பிள்ளைகள், கிழடுகள் என்று குடும்பமாக வந்து, எழுதப் படிக்கத் தெரியாமல், பாசை தெரியாமல், தாகத்துக்கு ஆற்றில் அள்ளிக் குடித்தார்கள். 1943 மே, யூன் மாதங்களில் மழையோடு வாந்திபேதி வந்தது. ஒரு கொட்டிலில் இரவு படுத்தவர்களில் விடியப் பாதிப் பேர் இல்லை. நடக்க ஏலாதவர்களை, உயிர் இருக்கும்போதே, தனிக் கொட்டிலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள் என்று வெள்ளைக்காரக் கைதிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழரின் முகாம்களைக் கடந்து போன கைதிகளுக்கு, தங்கள் முகாமே பரவாயில்லை என்று இருந்ததாம். அந்த 1943 நடுப்பகுதியில்தான் யப்பானியர் சிங்கப்பூரிலிருந்து கைதி டொக்டர்மாரையும் மருந்துக் கட்டுபவர்களையும் ‘கே படை’, ‘எல் படை’ என்ற பெயரில் கூலி முகாம்களுக்கு அனுப்பினார்கள். இரண்டும் சேர்ந்து 350 பேர் கூட இல்லை. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட சனத்துக்கு இது எந்த மூலைக்கு?

போர்க் கைதிகளில் 12 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளரில் ஏறத்தாழ 90 ஆயிரம் பேர் என்பது பலரும் ஏற்றுக்கொள்ளும் கணக்கு. மலாயாவிலிருந்து போனவர்களில் 40 ஆயிரத்துக்கு மேல் என்று ஒரு கணக்குச் சொல்லுகிறது. அதைவிடக் குறைத்துச் சொல்பவர்களும் உண்டு. வெள்ளைக்காரரின் எண்ணிக்கை ஆள் ஆளாகத் தெரியும்போது எங்களுடையது மட்டும் ஏன் ‘ஏறத்தாழ’?

அதற்கு விடை 1945 இல் இருக்கிறது. போர் முடிந்து ஒரு மாதத்துக்குள், செப்டம்பர் கடைசியில், விடுதலையான கைதிகளும் மதகுருமாருமாக ஒரு சின்னக் குழு, அதே ரயிலில் ஏறிப் பாதை நெடுகப் போய், தங்கள் தோழர்களின் புதைகுழிகளைத் தேடியது. முகாம் அதிகாரிகள் இறந்தவனின் பெயர், படை இலக்கம், நாள், இடம் எல்லாவற்றையும் துண்டுக் கடதாசிகளில் எழுதி, யப்பானியருக்குத் தெரியாமல் போத்தலுக்குள்ளும் தகரத்துக்குள்ளும் வைத்துப் பிரேதங்களோடு தாட்டு வைத்திருந்தார்கள். அந்தக் குழு 144 இடுகாடுகளைக் கண்டுபிடித்தது. தேடிப் போன 10 ஆயிரத்து 5 நூறுக்கு மேற்பட்ட குழிகளில் அகப்படாமல் போனவை 52 மாத்திரமே! அந்தக் காட்டுக்குள், அந்த மழைக்குள் ஒருவர் பேனையும் கடதாசியும் வைத்திருந்தபடியால் நடந்த காரியம் இது. கூலி முகாம்களில் யாரும் எழுதவில்லை. தேடுவதற்கும் ஆள் அனுப்பவில்லை. 2009 க்குப் பிறகு கையில் படத்தோடும் பெயரோடும் தெருவில் குந்தியிருக்கிற எங்கட தாய்மாரை நினைத்துக்கொண்டுதான் இந்தப் பகுதியை வாசித்தேன்.

காஞ்சனபுரிப் பட்டினத்தின் நடுவிலேயே போர் மயானம் இருக்கிறது. 7 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான குழிகள். ஆங்கிலேயர், அவுஸ்திரேலியர், ஒல்லாந்தர். புல்லு ஒரு அளவாக வெட்டி, ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் ஒரு பூச்செடி. பெயர், வயது, வீட்டார் கேட்டு எழுதுவித்த ஒரு வரி. 22 வயது, 24 வயது என்று வாசிக்க வாசிக்க மனம் கனத்துவிடும். அவர்களும் பெற்ற தாய்க்குப் பிள்ளைகள்தான். அதில் இரண்டு குழிகளில், எரித்த 300 பேரின் சாம்பலை ஒன்றாக வைத்திருக்கிறார்கள். 1943 இல் நீக்கே என்ற முகாமில் வாந்திபேதியில் போனவர்கள் அவர்களில் அதிகம். அந்த 300 பேரின் பெயரையும் தனியாகப் பலகையில் பொறித்திருக்கிறார்கள். நீக்கே என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சுங்காயில் இன்னொரு மயானம், அதில் சுமார் 1,700 பேர். பர்மாப் பக்கத்தில் தன்பியூசயாத்தில் மூன்றாவது.

தமிழ் எழுத்தை நாங்கள் கண்டது வேறு ஓர் இடத்தில். பாலத்துக்குக் கிட்ட, யப்பான் இராணுவம் 1944 இல் கட்டிய நினைவுத் தூண் ஒன்று இருக்கிறது. பாதை போட்டு முடிந்த பிறகு, இறந்தவர்களின் ஆத்துமாவுக்காக அவர்களே கட்டினது. சுற்றி வர மூலைச் சுவர்களில் பல பாசைகளில் தகடு பதித்திருக்கிறார்கள். மகள்தான் முதலில் கண்டவள். பத்து வயது, இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள்.

“அப்பா, இஞ்ச தமிழ் எழுதிக் கிடக்கு.”

எழுத்துக் கூட்டி வாசித்தாள். பழைய அச்சு எழுத்துப் போல இருந்தது. பிறகு கேட்டாள், “ஆர் எழுதினது?”

“யப்பான்காரர்.”

“சாகப் பண்ணினது?”

“அவையள்தான்.”

அவளுக்கு அது விளங்கவில்லை. எனக்கும் விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் ஒன்று. போர் முடிந்து பல பத்து ஆண்டுகள் அந்தப் பட்டினத்தில் தமிழனுக்கென்று தமிழில் எழுதி இருந்தது அது ஒன்றுதான். அதை எழுதுவித்தது கொன்றவன். மற்ற ஒருவரும் எழுதவில்லை.

போர் மயானத்துக்குப் பக்கத்தில் வாட் தாவொர்ன் என்று ஒரு விகாரை இருக்கிறது. அதன் பின்பக்கத்தில், சீனரின் கல்லறைகளுக்கு நடுவே, பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளரின் எலும்புகளைச் சேர்த்து வைத்த ஒரு தாதுகோபம் நிற்கிறது. 1990 நவம்பரில் பட்டினத்துக்குள் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டினபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் அகப்பட்டன. கூலிகளை மொத்தமாகத் தாட்ட குழி அது. அதில் ஒரு பகுதியைத் தனியார் காட்சிச்சாலை ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரனின் எலும்பு என்றால் அப்படி வைக்க விட்டிருப்பார்களா என்று மனைவி கேட்டா. விட்டிருக்கமாட்டார்கள்.

இனி நீர்த்தேக்கம். ரயில் இப்போது நாம் தொக் என்ற இடத்தோடு நின்றுவிடும். போர் முடிந்து 1946 இல் ஆங்கிலேயர் தாய்லாந்துப் பக்கத்துப் பாதையைத் தாய்லாந்து அரசுக்கு விற்றார்கள். மலைக்குள் இருந்த பகுதியைக் கழற்றிவிட்டு, நாம் தொக் வரைக்கும் திருத்தி 1958 இல் ஓட விட்டார்கள். அதற்கு அங்கால் வான் பிடித்துப் போக வேணும். காஞ்சனபுரியிலிருந்து எல்லைப் பக்கத்துச் சங்க்லாபுரிக்கு 4 மணித்தியாலத்துக்கு மேல். வழி நெடுக மலை, இடையிடையே சோதனைச் சாவடி. எங்களுக்குக் கையில் பாஸ்போட் இருந்தது. மனைவியின் தம்பி எங்களோடு வராததற்குக் காரணமே இந்தச் சாவடிகள்தான். “நீங்கள் போட்டு வாங்கோ அத்தான், நான் பிடிபட்டா உள்ளுக்குத்தான்” என்று சொல்லிவிட்டான்.

குவே நொய் ஆற்றை மறித்து 1979 க்கும் 1984 க்கும் இடையில் காவோ லேம் என்ற அணையைக் கட்டினார்கள். 2001 இல் அதற்கு வஜிரலொங்கொன் அணை என்று பெயர் மாற்றம். மின்சாரத்துக்கான அணை. நிரம்பினால் 388 சதுர கி.மீ. பரப்பளவு. குளம் என்று சொல்லக் காணாது, கடல் மாதிரி. பாதை அந்த ஆற்றின் கரையோடுதானே போனது? அதனால் ரயில் பாதையின் மலைப்பகுதியில் ஒரு நீண்ட துண்டு அந்தத் தண்ணீருக்குள் போய்விட்டது. நான் மேலே சொன்ன நீக்கே முகாமும் அந்தப் பக்கம்தான். தமிழர் கூட்டம் கூட்டமாகச் செத்தது பெரும்பாலும் அந்த மேல் முகாம்களில். 7 ஆயிரம் பேரோடு போய் 3 ஆயிரத்துக்கு மேற்பட்டோரை இழந்த ‘எஃப் படை’ என்ற கைதிக் கூட்டமும் அங்கேதான் இருந்தது. அவர்களின் எலும்பை 1945 க்குப் பிறகு மயானங்களுக்குக் கொண்டு போய்விட்டார்கள். எங்கட சனத்தின் எலும்பு தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது.

சித்திரையில் கோடையானபடியால் தண்ணீர் வற்றியிருந்தது. படகில் போனோம். பழைய சங்க்லாபுரியும் மூழ்கின ஊர்தான். மூழ்கின விகாரையின் சுவர்கள் வெளியில் தெரிந்தன, இறங்கி நடந்து பார்த்தோம். செங்கல், சேற்றுக் கறை, கூரை இல்லை. விகாரை மொன் இன மக்களுடையது. அவர்களின் கதையும் எங்களுக்கு அன்னியமானதல்ல. பர்மா 1948 இல் சுதந்திரம் அடைந்த பிறகு அங்கே சண்டை மூண்டு, எல்லை கடந்து வந்த சனம். லுவாங் போ உத்தமா என்ற மொன் பிக்கு அவர்களைச் சேர்த்து ஊர் அமைத்தார். அணை கட்டினபோது தாய்லாந்துக் குடியுரிமை உள்ளவர்களுக்குக் கிடைத்த உரிமைகள் இவர்களுக்கு இல்லை. விகாரைக்குக் கிடைத்த மேட்டுக் காணியைப் பிக்கு சனத்துக்குப் பிரித்துக் கொடுத்தார். அவர் 2006 இல் காலமானார். இரண்டு கரையையும் சேர்க்க 1980களில் அவர் சனத்தைக் கொண்டு கட்டுவித்த மரப்பாலம் இன்றைக்கு உல்லாசப் பயணிகள் படம் எடுக்கிற இடம். 2013 யூலையில் வெள்ளத்தில் ஒரு பகுதி உடைந்துபோய், அடுத்த வருடம் திருத்தினார்கள். படகு ஓட்டின மொன் பெடியனுக்குக் கொஞ்சம் இங்கிலிஷ் தெரியும். அங்கேயே பிறந்தவன். ஆனால் அவனிடம் இருக்கும் காட்டை வைத்துக்கொண்டு அனுமதி எடுக்காமல் அந்த மாவட்டத்தை விட்டு வெளியில் போக ஏலாதாம். ரயில் பாதை எங்கே என்று கேட்டேன். கையைக் காட்டி, “கீழே” என்றான். பார்த்தால் பச்சைத் தண்ணீர் மட்டும்தான்.

போருக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 1945, 46 இல் மலாயாவுக்குத் திரும்பினார்கள். சம்பளமாகக் கிடைத்த யப்பானியரின் வாழைமர நோட்டு ஒரு சதத்துக்கும் உதவாமல் போய்விட்டது. திரும்பி வந்தவர் தோட்டத்தில் அதே லயத்துக்கு, அதே பால்மரத்துக்குப் போனார். திரும்பாதவரின் மனைவிக்கு மரணச் சான்றிதழ் கூட இல்லை. 1967 இல் யப்பான் மலேசியாவுக்கு 2 கோடி 50 இலட்சம் வெள்ளி பெறுமதியான உதவியைக் கொடுத்து முடித்துக்கொண்டது. அது வந்தது 2 கப்பல்களாக! தோட்டத்து விதவைக்குக் கப்பலில் எந்தத் துண்டைக் கொடுப்பது? பிரித்தானிய அரசாங்கம் 2000 ஆம் ஆண்டில் தன் பழைய கைதிகளுக்கு ஆளுக்கு 10 ஆயிரம் பவுண் கொடுத்தது. அதுவும் பிந்தித்தான், ஆனால் கொடுத்தது. தன் றப்பருக்காகத் தமிழரைக் கப்பலில் கொண்டுவந்ததும் அதே அரசாங்கம்தான் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் இதை மறக்கவில்லை. ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ நாவல் 1993 இல் வந்தது. அ. ரெங்கசாமியும் ‘நினைவுச் சின்னம்’ என்று ஒரு நாவல் எழுதியிருக்கிறார். இறந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மலேசியாவில் அமைப்பாகச் சேர்ந்து, இருக்கும் பெயர்களையாவது திரட்டுகிறார்கள். அவர்களின் முயற்சியால் 2020களில், நான் மேலே சொன்ன விகாரை வளவில் தமிழருக்கென்று ஒரு நடுகல் நாட்டப்பட்டது. எங்கட சங்கத்து உறுப்பினர்களில் மலாயாவில் பிறந்த பாட்டன் பாட்டிமாரின் கடிதம், படம், தோட்டத்துப் பதிவு ஏதும் வீட்டில் வைத்திருப்பவர்கள் இருந்தால், குப்பையில் போடாமல் ஒருக்கால் எடுத்துப் பாருங்கள்.

பாங்கொக் போகிறவர்களுக்காக வழியையும் எழுதிவிடுகிறேன். தொன்புரி நிலையத்திலிருந்து நாம் தொக்குக்கு நாளுக்கு இரண்டு ரயில் இருக்கிறது, காலையில் ஒன்று, மத்தியானம் கழிய ஒன்று. காலை ரயிலில் போனால் வெயில் ஏற முதல் காஞ்சனபுரியில் இறங்கலாம். போர் மயானம் நிலையத்துக்கு எதிரே, நடக்கிற தூரம். விகாரை அதற்குப் பக்கத்தில். உள்ளே போய் நேரே பின்பக்கம் சீனக் கல்லறைகளுக்குப் போக வேணும். முன்னுக்கு நிற்பவர்களைக் கேட்டால் காட்டுவார்கள், பூ கொண்டு போவது நல்லது. யப்பானியரின் தூண் பாலத்துப் பக்கம். நேரே முன்னால் நின்று பார்த்தால் தமிழ்த் தகடு கண்ணில் படாது, சுற்றி நடந்து பார்க்க வேணும்.